எழுதி வைத்தால்தான் உரிமை

(டிசம்பர் 10 மனித உரிமை நாளை முன்னிட்டு நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி வீட்டுக்குப் போய் உலை வைக்கணும் என்ற கவலை உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கும் அதே கவலைதான். இருந்தாலும் ஒரு அரை மணி நேரம் கொடுங்க என்று தலைவி அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தபோது, "மனித உரிமைன்னா என்னன்னு யாராவது சொல்லுங்க" என்று கேட்டேன். ஒரு வயதான அம்மா உடனே சொன்னாங்க: "அதெல்லாம் டிவியில பேசுறவங்களுக்கு இருக்கும்மா. நமக்கு போலீஸ் ஸ்டேஷன்ல மரியாதையா பேசினா போதும், ஆஸ்பத்திரியில நாய் மாதிரி விரட்டாம இருந்தா போதும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தம்மா சொன்னதுதான் சரியான பதில். உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம். இந்த நாலும்தான் மனித உரிமை என்று 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மரியாதையா பேசணும் என்று அந்தம்மா கேட்டது நாலாவது உரிமை.

அந்த உரிமையைக் காக்கத்தான் தமிழ்நாட்டில் மாநில மனித உரிமைகள் ஆணையம் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருந்து சென்னையில் செயல்படுகிறது. இந்த ஆணையத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லியாகணும்.

நான் செய்த தப்பு

சில வருஷம் முன்னால் நடந்தது. நம்ம உறுப்பினர் ஒரு அக்கா. பேர் வேண்டாம். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் கையால் தைப்பவர். ஜோடிக் கணக்கில் கூலி. அவருடைய மகன் ஷூ கம்பெனியில் மிஷின் தைத்துக்கொண்டிருந்தான். ஏதோ திருட்டு என்று சந்தேகத்தில் அவனை ஒரு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு ராத்திரி வைத்திருந்து அடித்துவிட்டு, அவன் இல்லை என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கேஸ் கிடையாது, காகிதம் கிடையாது. வலது கை விரல் இரண்டு சரியாக மடங்கவில்லை. மிஷின் வேலை போனது.

அந்த அக்கா என்னிடம் வந்து, "என்னம்மா பண்றது?" என்று கேட்டார். நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். மனித உரிமை என்று ஒரு பாடமே எழுதி பாஸ் செய்தவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுங்கக்கா. ஊர்ப் பெரியவங்க பேசுறாங்க. சமாதானமா முடியட்டும். நாளைக்கு நீங்க இதே ஊர்ல இருக்கணும் இல்ல" என்று சொன்னேன்.

பெரியவர்கள் பேசினார்கள். பொங்கல் போனது, ரம்ஜான் போனது, எலெக்‌ஷன் வந்தது. "இதோ பார்க்கலாம்" என்றே நாள் ஓடியது. அரசு மருத்துவமனையில் கொடுத்த ஓ.பி. சீட்டு மழையில் நனைந்து வீணாகிவிட்டது. பதினாலு மாதம் கழித்து நான் உட்கார்ந்து மனித உரிமைகள் ஆணையத்துக்கு மனு எழுதினேன். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எடுத்துக்கொள்ள இயலாது என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அக்கா என்னைத் திட்டவில்லை. "விடும்மா, நீ மட்டும் என்ன பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோர்ட்டுக்குப் போகும் வழி இருந்தது. ஆனா அலையும் தெம்பு அந்தக் குடும்பத்துக்கு அப்போது இல்லை.

அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். சட்டத்தின் 36ஆம் பிரிவு: உரிமை மீறல் நடந்த நாளில் இருந்து ஒரு வருடம். அதற்குள் மனு போய்ச் சேரணும். வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வருஷத்தை மறக்காதீங்க.

யார் மேல் புகார் கொடுக்கலாம்?

நிறைய பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டார், மாமியார் கொடுமை, கம்பெனியில் போனஸ் குறைத்தார்கள் என்றெல்லாம் மனித உரிமைகள் ஆணையத்துக்கு எழுதினால் மனு திரும்பி வரும். இந்த ஆணையம் பார்ப்பது பொதுப் பணியாளர்களை. அதாவது அரசு சம்பளம் வாங்குகிறவர் நம் உரிமையை மீறினாலும், வேறொருவர் மீறும்போது தடுக்க வேண்டிய அரசு ஊழியர் அலட்சியமாக இருந்தாலும் புகார் கொடுக்கலாம்.

இந்த "அலட்சியம்" என்ற வார்த்தையை நல்லா பிடிச்சுக்கோங்க. 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியற்காலை ராணிப்பேட்டை சிட்கோவில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். இந்த மாதிரி சம்பவத்தில் தொட்டி கட்டியவர் தனியார் என்றாலும், "இதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அதிகாரி யார், அவர் எப்போது வந்து பார்த்தார்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் ஆணையத்தின் கதவு திறக்கும். மனு எழுதும்போது முதலாளியைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எந்த அதிகாரி எந்தக் கடமையைச் செய்யவில்லை என்பதை எழுதுங்கள்.

ஆணையத்துக்குப் பல் இருக்கிறதா?

"அவங்க தண்டனை கொடுக்க மாட்டாங்களாமே, அப்புறம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆணையம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. ஆனா விசாரணை செய்யும்போது சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. அதிகாரிக்குச் சம்மன் அனுப்பலாம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம், சத்தியப் பிரமாணத்தில் சாட்சி வாங்கலாம். தப்பு நடந்தது உறுதியானால் நஷ்ட ஈடு கொடுக்கவும், அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கவும் அரசுக்குப் பரிந்துரை செய்யும். அந்தப் பரிந்துரையை அரசு வெறும் யோசனை மாதிரி ஒதுக்கி வைக்க முடியாது, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரி 5ஆம் தேதி தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு பணம் கொடுத்துவிட்டு, தப்பு செய்த அதிகாரியிடம் அதை வசூலிக்கலாம் என்றும் சொன்னது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நடந்ததை நடந்தது என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏற்றுவது. அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியணும்னா வாச்சாத்தி கதையைக் கேளுங்கள்.

வாச்சாத்திப் பெண்கள்

நம்ம ஜவ்வாது மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள்தான் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தியிலும் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஜெயிலில் அடைத்தார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது.

அப்போது மனித உரிமைகள் ஆணையம் கிடையாது. அந்தச் சட்டமே அடுத்த வருஷம்தான் வந்தது. ஆனா தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையம் இருந்தது. அதன் அதிகாரி பாமதி என்ற பெண்மணி வாச்சாத்திக்கே போனார். மக்களை நேரில் விசாரித்தார். நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். மலைவாழ் சங்கத்தினரும் கட்சிக்காரர்களும் விடாமல் போராடினார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். எல்லோரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. அவர்களின் அப்பீலை சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29ஆம் தேதி தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

முப்பத்தொரு வருஷம், சகோதரிகளே! தாமதம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனா ஒரு பழங்குடிப் பெண் சொன்னதை முதலில் நம்பி எழுதி வைத்த அந்த ஆணைய அறிக்கை, பொய் சொல்ல முடியாதபடி ஒரு ஆணி அடித்துவிட்டது. தண்டனை கொடுத்தது கோர்ட். அதற்கு முன்னால், கேட்டு எழுதி வைத்தது ஆணையம்.

நம்ம தண்ணீர்க் கதை

தூரத்து ஊர்க் கதை ஏன், நம்ம பாலாற்றங்கரைக் கதையே இருக்கிறது. டேனரிக் கழிவால் கிணறு கெட்டு, நிலம் உப்புப் பூத்து, தென்னை காய்ந்தது நம் கண்ணால் பார்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் தொழில் நாட்டுக்கு வருமானம் தருகிறது, உண்மைதான். ஆனா அதற்காகத் தண்ணீரையும் ஜனங்களின் ஆரோக்கியத்தையும் கெடுக்க உரிமை இல்லை, கெடுத்தவர் பணம் கட்டணும் என்று அதில் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பின்படி ஒரு ஆணையம் வந்து வீடு வீடாக, நிலம் நிலமாகக் கணக்கெடுத்தது. 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மொத்தம் 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு என்று 2001இல் முடிவு செய்தது. அதோடு முடிந்ததா? இல்லை. மறுபடியும் வழக்கு, மறுபடியும் கோர்ட். 2025 ஜனவரி 30ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட்டது. பாக்கி உள்ள நஷ்ட ஈட்டை அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கணும், பாலாற்றைச் சரி செய்வதைக் கண்காணிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கணும் என்று சொன்னது.

1991இல் வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வழக்கு உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்ன? யாரோ ஒருவர் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டை வைத்திருந்தார். யாரோ ஒருவர் பட்டா நகலையும் மனு ரசீதையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். நாம வாய் கிழியப் பேசினது காற்றோடு போச்சு. எழுதினது நின்றது.

மனு எப்படி எழுதுவது?

பயப்பட ஒன்றுமில்லை. லோன் விண்ணப்பத்தைவிட இது சுலபம்.

1. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.

2. பாதிக்கப்பட்டவரே எழுதணும் என்பதில்லை. அவருக்காக வேறு ஒருவரும் எழுதலாம். குழுவும் எழுதலாம்.

3. யாருக்கு நடந்தது, என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் செய்தார்கள், யார் பார்த்தார்கள். இதை வரிசையாக எழுதுங்கள். அதிகாரியின் பேர் தெரியாவிட்டால் பதவியையும் அலுவலகத்தையும் எழுதுங்கள்.

4. என்ன வேண்டும் என்று கடைசியில் தெளிவாகக் கேளுங்கள். நஷ்ட ஈடா, துறை நடவடிக்கையா, பாதுகாப்பா?

5. ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ, ஏற்கனவே கொடுத்த மனுவின் ரசீது ஆகியவற்றின் நகலை மட்டும் வையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

6. கையெழுத்தும் விலாசமும் கட்டாயம். மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள்.

7. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதைக் குழுவின் தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்கள்.

8. அதே விஷயம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தாலோ, வேறு ஆணையத்தில் இருந்தாலோ இங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் ஒரே மனுவைப் பத்து இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

விலாசம்: மாநில மனித உரிமைகள் ஆணையம், 143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை (பசுமைவழிச் சாலை), சென்னை 600 028.

இரண்டாவது தடவை

முதல் தப்புக்குப் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். இன்னொரு உறுப்பினர், ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். கம்பெனியில் சாமான் காணோம் என்ற புகாரில் சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒரு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ராத்திரி பத்து மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீட்டில் கைக்குழந்தை.

சட்டம் என்ன சொல்கிறது? சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன்னால் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரிதான் செய்யணும், அதுவும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கிக்கொண்டு. பழைய சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது.

இந்தத் தடவை "பொறுங்கக்கா" என்று நான் சொல்லவில்லை. மறுநாளே குழு கூடியது. நடந்ததைத் தீர்மான நோட்டில் நேரத்தோடு எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் மனு தபாலில் போனது. ஆணையம் மனுவுக்கு எண் கொடுத்து, மேலதிகாரியிடம் அறிக்கை கேட்டது. சில வாரங்கள் கழித்து ஒரு அதிகாரி, கூடவே ஒரு பெண் போலீஸோடு, அந்த உறுப்பினர் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு நம்ம உறுப்பினர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

விசாரணை இன்னும் முடியவில்லை. என்ன முடிவு வரும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஆனா அந்த வீட்டு வாசலில் நடந்ததை அந்தத் தெருவே பார்த்தது.

வேறு கதவுகள்

மனித உரிமைகள் ஆணையத்தில் எடுக்காத விஷயத்துக்கும் இடம் இருக்கிறது. எந்த வலிக்கு எந்த டாக்டர் என்பது மாதிரி.

வரதட்சணை, வீட்டில் அடி உதை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண், மாநில மகளிர் ஆணையம். சாதியைச் சொல்லித் திட்டினால், ஒதுக்கினால் 2021இல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம். கம்பெனியில் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ தப்பாக நடந்தால் 2013ஆம் ஆண்டு சட்டப்படி கம்பெனிக்குள்ளேயே உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. இதற்குக் காலக்கெடு இன்னும் குறைவு, மூன்று மாதம்தான். கோர்ட்டுக்குப் போகணும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அதற்கான உதவி எண் 15100.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் மனு கொடுக்கணும். பழைய ஞாபகத்தில் வேலூருக்கு அலையாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நாம் வாரா வாரம் பத்து ரூபாய் சேமிப்பைக்கூட நோட்டில் எழுதாமல் விடுவதில்லை. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி வரை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். நமக்கு நடக்கும் அவமானத்துக்கு மட்டும் ஏன் கணக்கு வைப்பதில்லை?

அதனால் இன்றைக்கு ஒரு தீர்மானம் கேட்கிறேன். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசி நாலு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கணும். உறுப்பினர் யாருக்காவது அரசு அலுவலகத்திலோ, ஸ்டேஷனிலோ, ஆஸ்பத்திரியிலோ மரியாதைக் குறைவோ அநியாயமோ நடந்தால், அந்த வாரமே தேதி, நேரம், இடம் போட்டு எழுதணும். பக்கத்தில் இன்னொரு தேதி எழுதணும்: சரியாக ஒரு வருஷம் எப்போது முடிகிறது என்று. அந்தத் தேதிக்கு முன்னால் மனு போகிறதா என்று ஊக்குநர் பார்க்கணும். நான் மறந்தாலும் நோட்டு மறக்காது.

அந்த அக்கா இன்றைக்கும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். இதைச் சொல்லட்டுமா என்று கேட்டுத்தான் சொன்னேன். "சொல்லும்மா, இன்னொருத்தி பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.



(தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.)